கமக்கட்டுப் புண்ணைக் காய விடுவதா, ஆற விடுவதா?

ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வரும் சனம் முதலில் கேட்பது "புண் காய்ஞ்சிட்டுதோ?" என்றுதான். நம் ஊரில் காய்வதும் ஆறுவதும் ஒன்றாகவே புழங்குகின்றன. சைக்கிளால் விழுந்து முழங்கால் உரசிய புண்ணுக்கு அது பெரிய கேடில்லை. ஹைட்ராடெனைட்டிஸ் சப்புரேட்டிவா என்ற தோல் நோய்க்காகக் கமக்கட்டிலோ தொடைச்சந்திலோ உள்ளங்கை அளவுக்குத் தோலை வெட்டியெடுத்துத் திறந்தே விட்ட புண்ணுக்கு அந்தச் சொல்லே வினையாகிறது. காய வேண்டும் என்று நினைப்பவர் மின்விசிறிக்குக் கீழே புண்ணைத் திறந்து வைக்கிறார், ஸ்பிரிட் தடவுகிறார், அன்ரிபயோற்றிக் கூட்டைப் பிரித்து உள்ளிருக்கும் தூளைத் தூவுகிறார். இந்த மூன்று வேலையுமே புண் ஆறும் நாளைத் தள்ளிப்போடும்.

1962 இல் ஜோர்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் விட்டார், சிலவற்றைப் பொலித்தீன் படலத்தால் மூடினார். மூடி ஈரமாக இருந்தவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது. புதுத்தோல் விளிம்பிலிருந்து நகர்ந்து வந்துதான் புண்ணை மூட வேண்டும். மேலே பொருக்குக் கட்டியிருந்தால் அது பொருக்குக்கு அடியில் ஈரம் தேடிக் குடைந்து போக வேண்டும். ஈரமாக இருந்தால் நேரே ஊர்ந்து போய்விடும். இன்றைக்கு இருக்கும் விலை கூடிய கட்டுப்பொருட்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தின் மேல் எழுந்தவைதான். புண் ஈரமாக இருக்க வேண்டும், சுற்றியிருக்கும் தோல் உலர்ந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் முறைகளை எல்லாம் இந்த அளவுகோலால்தான் அளந்திருக்கிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. இந்த நீண்டகாலத் தோல் நோயில் மயிர்க்கால் அடைபட்டு, தோலுக்கு உள்ளே வெடித்து, கட்டியாகிச் சலம் வைக்கும். திரும்பத் திரும்ப வந்தால் கட்டிகளுக்கு இடையே தோலுக்கடியில் சுரங்கம் போல் பாதை விழும். கமக்கட்டு, தொடைச்சந்து, மார்பின் கீழ்மடிப்பு, பிட்டம் ஆகியவையே இதன் வழக்கமான இடங்கள். அழுக்கால் வருவதில்லை, ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெட்கத்தில் வருடக்கணக்காக மறைத்து, சுரங்கம் விழுந்த பிறகே பலர் டொக்டரிடம் போகிறார்கள்.

புண்ணைக் கவனிக்கும் முறை எந்த ஒப்பரேஷன் நடந்தது என்பதைப் பொறுத்தது. வீட்டுக்கு வருமுன் "மிஸ், எனக்கு என்ன செய்தவை? தையல் இருக்கோ, திறந்து விட்டதோ?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெறுமனே கீறிச் சலம் எடுப்பது அந்த நேர வலிக்கு மட்டும் நிவாரணம். கட்டி பெரும்பாலும் அதே இடத்தில் திரும்பி வரும். கூரை நீக்கும் முறையில் சுரங்கத்தின் மேற்தோலை மட்டும் வெட்டி எடுத்து, அடித்தளத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கித் திறந்து விடுவார்கள். அகல வெட்டுதலில் நோயுள்ள தோல் முழுவதையும் கொழுப்பு வரைக்கும், சில வேளை அதற்குக் கீழும் எடுப்பார்கள். அதன்பின் நான்கு வழிகள் உண்டு: திறந்தே விடுதல், தைத்து மூடுதல், தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி ஒட்டுதல், பக்கத்துத் தோலைக் கொழுப்போடு திருப்பிப் போட்டு மூடுதல்.

2015 இல், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு மீளாய்வு வெளியானது. அதன்படி நோய் திரும்பி வந்தது அகல வெட்டியவர்களில் 13 வீதம், சிறு அளவில் வெட்டியவர்களில் 22 வீதம், கூரை நீக்கியவர்களில் 27 வீதம். அகல வெட்டியவர்களுக்குள் தைத்து மூடியவர்களில் 15 வீதம், திருப்பி மூடியவர்களில் 8 வீதம், தோல் ஒட்டியவர்களில் 6 வீதம். இதைப் பார்த்துக் கூரை நீக்குதலைக் குறைவாக எண்ண வேண்டாம். அது சிறிய புண், மரக்கப் பண்ணும் ஊசியோடு முடியும், தேவையென்றால் மீண்டும் செய்யலாம். அகல வெட்டித் திறந்து விட்ட கமக்கட்டுப் புண் முழுதாக மூட 6 முதல் 12 கிழமை வரை எடுக்கலாம். அந்த 12 கிழமையும் வீட்டில் கட்டு மாற்றப் போவது யார் என்ற கேள்விக்கு ஒப்பரேஷனுக்கு முன்பே விடை வேண்டும்.

தையலுக்கும் தோல் ஒட்டுக்கும் வீட்டு வேலை குறைவு, விதிகள் கடுமை. கமக்கட்டில் தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கையைத் தோளுக்கு மேல் தூக்குவது, வாளியால் கிணற்றுத் தண்ணீர் அள்ளுவது, மோட்டார்சைக்கிள் ஓடுவது எல்லாம் தையலை இழுத்து வாயைப் பிளக்கும். தோல் ஒட்டு அடிப்படுக்கையிலிருந்து இரத்த ஓட்டம் பெற்றுத்தான் பிழைக்க வேண்டும். முதல் 5 நாளில் கட்டை எட்டிப் பார்ப்பதே தப்பு. ஒட்டுக்கு அடியில் இரத்தமோ நீரோ தேங்கினாலும், ஒட்டு வழுக்கி நகர்ந்தாலும் அது செத்துப் போகும். தோல் சீவிய தொடையில்தான் எரிவு அதிகம் என்று நோயாளர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். அந்த இடம் 10 முதல் 14 நாளில் தானாகத் தோல் பிடிக்கும். அங்கே ஒட்டியிருக்கும் கட்டை இழுக்க வேண்டாம், விளிம்பில் கழன்று வரும் பகுதியை மட்டும் கத்தரித்து விடுங்கள்.

இனித் திறந்த புண். இதில்தான் குழப்பமும் அதிகம், தெரிவுகளும் அதிகம்.

எங்கும் கிடைப்பது கோஸ். அதைச் சேலைனில் நனைத்துப் புண்ணுக்குள் அடைத்து, காய்ந்த பிறகு பிடுங்கி எடுப்பது பழைய முறை. பிடுங்கும்போது இறந்த திசு ஒட்டிக்கொண்டு வரும் என்பது அதன் நியாயம். ஆனால் கோஸுக்கு இறந்தது எது, நேற்றுப் பிறந்தது எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் உரித்தெடுக்கிறது. உரித்த இடத்தில் இரத்தம் கசியும், அன்றைய வளர்ச்சி போய்விடும், நோயாளிக்கு அடுத்த கட்டு மாற்றும் நேரத்தை நினைத்தாலே கை நடுங்கும். சுத்தமான ஒப்பரேஷன் புண்ணுக்கு இது தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கோஸ் தவிர வேறு வழியில்லை என்றால் முறையை மாற்றலாம். முதலில் பரஃபின் தடவிய வலைத்துணியை ஒரு படை விரித்து, அதன் மேல் சேலைனில் நனைத்துப் பிழிந்த கோஸை உதறி, இறுக்காமல் வைக்க வேண்டும். காயுமுன்னே மாற்றிவிட வேண்டும், நாளுக்கு 2 தரம், வெயில் காலத்தில் 3 தரம். பரஃபின் வலையையும் ஒரு நாளுக்கு மேல் விடக்கூடாது. வலைக்கண்ணுக்குள் புதுச்சதை நுழைந்து பிடித்துக்கொண்டால் அதுவும் பிடுங்கத்தான் செய்யும். கோஸை வெட்டாமல் மடித்து வையுங்கள், வெட்டிய ஓரத்து நூல்கள் புண்ணுக்குள் தங்கி நெடுநாள் சலம் வைக்கும். பஞ்சை நேரே புண்ணில் வைக்கவே கூடாது. குழிக்குள் போகும் துணி ஒரே துண்டாக இருக்கட்டும், அதன் வால் வெளியே தெரியட்டும். பல துண்டு வைத்தால் எண்ணி வைத்து எண்ணி எடுக்க வேண்டும். உள்ளே மறந்துபோன ஒரு துண்டு கோஸ், ஆறாத புண்ணுக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று.

அல்ஜினேற் என்பது கடற்பாசியிலிருந்து எடுத்த நார். புண்நீர் பட்டதும் களியாக மாறும், தன் எடையைப் போல் 15, 20 மடங்கு நீரை வாங்கும், சிறு கசிவு இரத்தத்தையும் நிறுத்த உதவும். முதல் கிழமையில், நீர் கொட்டும் நாட்களில், இதற்கு நிகர் குறைவு. நனைக்காமல் உலர்ந்தபடியே வைக்க வேண்டும். எடுக்கும்போது மஞ்சள் பச்சையாகக் கூழ் போல் வருவதைப் பார்த்துச் சலம் என்று பயப்பட வேண்டாம். கழுவினால் போகும், கழுவிய பின் அடியில் தெரிவதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீர் குறைந்துவிட்ட புண்ணில் இதை வைத்தால் மீதி ஈரத்தையும் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும்.

ஹைட்ரோஃபைபர் இதன் உறவு. வித்தியாசம் என்னவென்றால் வாங்கிய நீரைப் பக்கவாட்டில் பரவவிடாமல் அந்தந்த இடத்திலேயே பூட்டி வைக்கும். ஆகவே விளிம்புத் தோல் ஊறுவது குறைவு. புண்ணின் விளிம்பைத் தாண்டி 1 சென்ரிமீற்றர் படியும்படி வைக்கலாம். குழியாக இருந்தால் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூட நிரப்பினால் போதும், அது பொங்கும். பெட்டியில் 7 நாள் வரை வைக்கலாம் என்று போட்டிருக்கும். இந்த நோயின் புண்ணுக்கு, நம் வெக்கைக்கு, முதல் கிழமைகளில் 1 அல்லது 2 நாளுக்கு ஒரு தரம் மாற்றுவதே சரி. மேற்கட்டு நனைந்து வெளியே தெரிந்தால், நாள் வராவிட்டாலும் மாற்ற வேண்டும். நனைந்த கட்டு கிருமி உள்ளே போகும் வழி.

ஃபோம் கட்டு புண் மேலெழுந்து தட்டையான பிறகு உதவும். 3, 4 நாளுக்கு ஒரு தரம் மாற்றலாம், சிலிக்கோன் ஓரம் உள்ளது தோலைப் பிடுங்காது. ஆழக் குழிக்கு மேல் ஃபோமை மட்டும் ஒட்டினால் அடியில் நீர் தேங்கும். ஹைட்ரோகொலொயிட் தகடு கமக்கட்டு வியர்வையில் ஓரம் சுருண்டு கழன்று விடும், வாங்க வேண்டாம்.

வெள்ளி கலந்த கட்டுகளை விலையைப் பார்த்து உயர்ந்த மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. கிருமித்தொற்றின் அறிகுறி இருக்கும்போது 2 கிழமைக்குப் பாவித்து, பிறகு வேண்டுமா என்று மீண்டும் பார்ப்பதே வழக்கம். சிவந்து நன்றாக இருக்கும் புண்ணுக்கு அதனால் பயனில்லை. பொவிடோன் அயடீனும் அப்படித்தான். ஒப்பரேஷனுக்கு முன் நல்ல தோலைத் துடைக்க அருமையான மருந்து, ஆனால் புதுச்சதை மேல் தினமும் ஊற்றினால் கிருமியோடு புதுக்கலங்களையும் வருத்தும். பெரிய புண்ணில் அயடீன் உடலுக்குள் ஏறும் என்பதால் தைரொயிட் வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. ஹைட்ரஜன் பெரொக்சைட் நுரைப்பது கண்ணுக்குத் திருப்தி தரும், புண்ணுக்கு எரிவுதான் மிச்சம்.

தேனைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மருத்துவத் தேன் என்று கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்து விற்பது உண்டு, அது துர்நாற்றத்தையும் மஞ்சள் படையையும் குறைக்க உதவும், நீரையும் கூட்டும். வன்னியிலிருந்து போத்தலில் வரும் தேன் சாப்பிட நல்லது. அதில் கிருமி வித்துகள் இருக்கக்கூடும், திறந்த புண்ணில் விட வேண்டாம். மஞ்சள் தூள், வேப்பிலை அரைப்பு, சாம்பல், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். அவை விடும் துகளை ஒவ்வொன்றாகக் கழுவி எடுப்பது புண்ணுக்குப் புதுக்காயம்.

உறிஞ்சும் இயந்திரக் கட்டு தனிக்கதை. புண்ணுக்குள் கடற்பஞ்சு போன்ற ஃபோமை வைத்து, மேலே காற்றுப்புகாத படலம் ஒட்டி, குழாய் வழியாக வழமையில் 125 மில்லிமீற்றர் பாதரச அளவுக்கு எதிரழுத்தம் கொடுப்பார்கள். 48 முதல் 72 மணிநேரத்துக்கு ஒரு தரம் மாற்றுவார்கள். பெரிய ஆழமான புண்ணைச் சுருக்கவும், தோல் ஒட்டை அசையாமல் அழுத்திப் பிடிக்கவும் நல்ல முறை. தொடைச்சந்திலும் மலவாயிலுக்குப் பக்கத்திலும் படலம் ஒட்டி நிற்பது பெரும்பாடு, ஒரு மடிப்பில் காற்று ஒழுகினாலும் இயந்திரம் கத்தும். அழுத்தம் நின்றுபோய் 2 மணிநேரத்துக்கு மேல் ஆனால் அந்த ஃபோமை உள்ளே விடக்கூடாது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வள்ளம் ஏறி, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வர வேண்டியவருக்கு இதைக் கொடுத்தனுப்புவது சரிப்படாது. அவருக்கு ஹைட்ரோஃபைபரும், கட்டு மாற்றப் பழகிய ஒரு வீட்டாளும் மேல். எந்த முறை நல்லது என்று கேட்கும்போது வீடு எவ்வளவு தூரம் என்பதும் கேள்விக்குள் அடங்க வேண்டும்.

இனிக் கட்டு மாற்றும் வேலை. கமக்கட்டுப் புண்ணை எடுத்துக்கொள்வோம். இது ஒரு கையால் செய்ய முடியாத வேலை, அம்மாவோ மனைவியோ தம்பியோ பக்கத்தில் வேண்டும். அரை மணிநேரம் ஒதுக்குங்கள்.

முதலில் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல். மேலே விழுவது எதுவும் வெடிப்பு வழியே விரைவாகக் கிணற்றுக்குப் போகும், மலகூடக் குழியின் நீரும் சேர்த்துத்தான். நல்ல குழாய்த் தண்ணீரால் புண் கழுவினால் சேலைனைவிடத் தொற்று கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நம்பிக்கையை வீட்டுக் கிணற்றுக்கு நீட்டக்கூடாது, மாரி பெய்து கிணறு கலங்கும் ஐப்பசி கார்த்திகையில் கட்டாயம் கூடாது. அதனால் உப்புத்தண்ணீரைக் காய்ச்சிப் பாவியுங்கள். 1 லீற்றர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது மட்டம் தட்டிய தேக்கரண்டியால் ஒன்றரை. உப்பைப் போட்டு மூடி, 10 நிமிடம் கொதிக்க விட்டு, மூடியபடியே ஆற விடுங்கள். உடம்புச் சூட்டுக்கு வந்ததும் பாவியுங்கள், குளிர்ந்த நீர் புண்ணின் வேலையைச் சில நேரம் நிறுத்தி வைக்கும். மிஞ்சியதை 24 மணிநேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

வலிக்குப் பரசிற்றமோல் 1 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை 2, கட்டு மாற்றுவதற்கு முக்கால் மணிநேரத்துக்கு முன். 50 கிலோவுக்கு மேற்பட்ட, ஈரல் வருத்தம் இல்லாத பெரியவருக்கான அளவு இது, 24 மணிநேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கை கழுவச் சவர்க்காரம், துடைக்காமல் காற்றில் உலர்த்தல், பிறகு கையுறை. பழைய கட்டின் மேல் உப்புத்தண்ணீரை ஊற்றி 10 நிமிடம் ஊற விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், வலியில் பாதி அங்கேதான் பிறக்கிறது. பிளாஸ்ரரை மேலே தூக்கி இழுக்காமல், தோலை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்து, தோலோடு ஒட்டினாற்போல் பின்பக்கம் மடித்து உரியுங்கள்.

வெளியே வந்த கட்டை எறியுமுன் பாருங்கள். எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம், நேற்றையதைவிட மணம் மாறியதா? பிறகு கழுவுதல். சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலின் மூடியில் ஊசியால் 4 துளை போட்டால் பிழியும்போது மெல்லிய பீச்சல் வரும், கமக்கட்டுப் புண்ணுக்கு அரை லீற்றர் போதும். நடுவிலிருந்து வெளியே கழுவுங்கள், கோஸால் தேய்க்க வேண்டாம். சுற்றியுள்ள தோலை மட்டும் ஒற்றி உலர்த்துங்கள், புண்ணை அல்ல.

இப்போது புண்ணை நேரே பாருங்கள், நல்ல வெளிச்சத்தில். நல்ல சதை மாதுளை முத்துக்களை நெருக்கி அடுக்கினாற்போல் சிவந்து, மணிமணியாக, ஈரமினுக்கத்தோடு இருக்கும். தொட்டால் துளி இரத்தம் வரும், அது பரவாயில்லை. விளிம்பில் மெல்லிய இளஞ்சிவப்பு, அல்லது முத்து நிறக் கரை தெரிந்தால் அதுதான் உள்நோக்கி வரும் புதுத்தோல். அடியில் மஞ்சளாக, கழுவினாலும் போகாமல் ஒட்டியிருக்கும் படை சலமல்ல, உதிராத நாரும் இறந்த கலமும் சேர்ந்தது. அதைச் சுரண்டி இரத்தம் வரச் செய்பவர்கள் உண்டு, அது வேண்டாம். ஈரம் சரியாக இருந்தால் தானாகக் கரைந்து கழுவலில் போகும். கூடிக்கொண்டே போனால் மட்டும் காட்டுங்கள்.

விளிம்பிலிருந்து 2 சென்ரிமீற்றர் அகலத்துக்குத் துத்தநாகக் களிம்போ வசிலினோ மெல்லிய படையாகப் பூசுங்கள், பிளாஸ்ரர் ஒட்ட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு. வயலில் ஊறிய கால் போல வெளுத்துச் சுருங்கிய விளிம்பு, கட்டு நீரைத் தாங்கவில்லை என்பதன் அடையாளம். களிம்பைக் கூட்டுவதைவிட உறிஞ்சும் பொருளை மாற்றுவதே அதற்கு வழி. பின் புண்ணை நிரப்புங்கள். நிரப்புதல் என்பது திணித்தல் அல்ல, இறுக்கித் திணித்தால் நுண்குழாய்கள் நசுங்கி, இரத்தம் வராமல் புண் வெளுத்துப் போகும்.

மேலே உறிஞ்சும் திண்டு. பெண்கள் மாதவிடாய்க்குப் பாவிக்கும் நப்கின் இதற்கு அருமையாக உதவும். மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், நீரை நன்றாக வாங்கும். வாசனை போட்டதை வாங்க வேண்டாம், நேரே புண்ணில் வைக்காமல் உள்கட்டின் மேல் வையுங்கள். ஆண்கள் கடையில் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், கூச்சத்துக்குரிய பொருள் அதில் ஒன்றுமில்லை. இறுக்கிப் பிடிக்க, பழைய பருத்திப் பெனியன் பிளாஸ்ரரைவிட நல்லது. தினமும் பிளாஸ்ரர் ஒட்டி உரித்தால் பத்தாம் நாள் புண்ணைவிடச் சுற்றுத்தோல் மோசமாகிவிடும். தொடைச்சந்துக்கு இறுகாத பருத்திக் காற்சட்டை, வீட்டில் சாரம்.

எங்கே பிழைக்கிறது என்பதற்கு வருகிறேன். இந்த நோயின் ஒப்பரேஷனுக்கே உரிய பிழை ஒன்று உண்டு, அது எதிரெதிர் விளிம்புகள் அடி நிரம்புமுன் மேலே ஒட்டிக்கொள்வது. கமக்கட்டு மடிப்பு கையைத் தாழ்த்தும்போது தானாக மூடிக்கொள்ளும் இடம். இரண்டு சிவந்த பரப்பு ஒன்றோடொன்று உரசிக் கிடந்தால் ஒரு இரவில் பாலம் போட்டுவிடும். பார்ப்பவர் "ஆறிட்டுது" என்று மகிழ்வார். அடியில் ஒரு குழி மூடப்பட்டு, வெட்டித் திறந்த சுரங்கத்துக்கு நாமே மறுபடி கூரை போட்டுக் கொடுத்திருப்போம். எனவே நீர் வராவிட்டாலும் மடிப்புக்குள் ஒரு படை கட்டுப்பொருள் தட்டையாகக் கிடக்க வேண்டும். புதிதாகப் போட்ட மெல்லிய பாலத்தைக் கழுவும்போதே நனைத்த பஞ்சுக்குச்சியால் மெதுவாகப் பிரிக்கலாம், இரண்டு நாள் தாண்டி உறுதியாகிவிட்டால் கிளினிக்கில் காட்டிப் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று, சதை விளிம்பைத் தாண்டி ஜெலி போலப் புடைத்து வளர்வது. புதுத்தோலுக்கு மேடேறத் தெரியாது, அங்கேயே நின்றுவிடும். ஈரம் கூடிப்போனாலும், உரசல் இருந்தாலும் இப்படி வரும். அல்ஜினேற்றை நிறுத்தி, ஃபோமை அழுத்திக் கட்டினால் பல வேளை அடங்கும். அடங்காவிட்டால் டொக்டர் சில நாளுக்கு மெல்லிய ஸ்ரெரொயிட் களிம்போ வெள்ளி நைத்திரேற்றுக் குச்சியோ பாவிப்பார்.

திறந்து விட்ட கமக்கட்டில் கையை அசைக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருப்பது பெரிய தவறு. புண் சுருங்கித்தான் மூடும், அசையாத கையில் அது தோளையும் சேர்த்துச் சுருக்கிவிடும். வலி தாங்கும் மட்டும், இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்தே, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறுங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, நாளுக்கு 3, 4 தடவை. நேற்று எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். தைத்தவர்களுக்கும் தோல் ஒட்டியவர்களுக்கும் இது பொருந்தாது, அவர்கள் டொக்டர் சொன்ன பிறகுதான்.

சாப்பாடு. "கிரந்தி" என்று சொல்லி இறால், நண்டு, கணவாய், முட்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு மாதத்துக்கு ரசமும் சோறுமாக நோயாளியை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் புண் சதையால் நிரம்ப வேண்டும், சதைக்குப் புரதம் வேண்டும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளதை மட்டும் விலக்கினால் போதும். பெரிய புண்ணுள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6, சமைத்த மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20, அவித்த பருப்பு 100 கிராமில் 9. நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் விலக்குபவர்கள் விரதத்தை விட வேண்டியதில்லை, சோயாமீற் உலர்ந்தது 50 கிராமிலேயே 25 கிராம் புரதம் இருக்கிறது, அதோடு கடலை, கௌப்பி, பயறு, தயிர். சிறுநீரக நோயாளர்கள் மட்டும் டொக்டரிடம் அளவு கேட்க வேண்டும். நீரிழிவு இருந்தால் சீனியைக் கட்டுக்குள் வைக்காமல் எந்தக் கட்டும் வேலை செய்யாது. சிகரெட்டும் அப்படியே, அது புண்ணுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, இந்த நோயோடும் நெருங்கிய தொடர்புடையது.

இந்த நோய்க்கு அழற்சியை அடக்கும் அடலிமுமாப் ஊசி போடுபவர்கள் ஒப்பரேஷன் என்றதும் தாமாக நிறுத்திவிடுகிறார்கள். 206 பேரைக் கொண்ட, 2021 இல் வெளியான ஆய்வில், அகல வெட்டும் ஒப்பரேஷனின்போதும் ஊசியைத் தொடர்ந்தவர்களுக்குத் தொற்று கூடவில்லை. நிறுத்துவதா தொடர்வதா என்பதைத் தோல் டொக்டரும் சேர்ஜனும் பேசி முடிவெடுக்கட்டும்.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்: 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சலும் நடுக்கமும், விளிம்பைத் தாண்டி மணிக்கு மணி பரவும் சிவப்பு, தோல் கறுத்தல், புண்ணின் தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி, அமுக்கினால் நொறுநொறுத்தல். இரத்தம் வந்தால் கோஸை வைத்து 10 நிமிடம், எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் அழுத்தியபடியே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

கிழமைக்கு ஒரு நாள், ஒரே நாளில், 5 ரூபாய்க் குற்றி ஒன்றைப் பக்கத்தில் பிடித்துப் போனில் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படத்துக்குத் தெரியும். இரண்டு கிழமையாகச் சிறிதும் சுருங்காவிட்டால் காரணம் தேட வேண்டும். வெட்டுப்படாமல் தங்கிய சுரங்கமா, உள்ளே நூலா, சீனியா? ஊதா விளிம்போடு புண் பெருத்துக்கொண்டே போனால் அது வேறு நோயாக இருக்கலாம், அப்படியானால் மேலும் வெட்டினால் இன்னும் பெருக்கும். பிட்டத்தில் பல வருடமாக ஆறாமல் கிடந்த புண்ணில் ஒரு பகுதி தடித்து மேலெழுந்தால் சிறு துண்டெடுத்துப் புற்றுநோய்க்குச் சோதிக்கக் கேளுங்கள். அரிது, ஆனால் தவறவிடக் கூடாதது.

கடைசியில் பயறளவு ஒரு புள்ளி மிஞ்சும். மற்றதெல்லாம் மூடிவிட்ட மகிழ்ச்சியில் பலர் கட்டை அங்கேயே விட்டுவிடுகிறார்கள், அந்தப் புள்ளி சட்டைக் கையோடு உரசி மாதக்கணக்கில் நிற்கிறது. அதற்கும் முதல் நாள் போலவே கழுவலும், சிறு ஃபோம் துண்டும் வேண்டும். மூடிய பிறகும் 3 கிழமையில் அந்தத் தோலுக்கு இருக்கும் உறுதி பழைய தோலின் ஐந்தில் ஒரு பங்குதான். அதன் மேல் சவரக்கத்தி, டியோடரன்ற், இறுகிய பிளவுஸ் கை எதுவும் படாமல், இரவில் வசிலினை விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்து வர வேண்டும், அழுத்தினால் அடித்தோலோடு சேர்ந்து நகரும் அளவுக்கு அது இளகும் வரை.